மால்கின் எப்போதாவது லீக்கிலேயே நம்பர் ஒன்னாக இருந்தாரா? நீங்களே தீர்மானிப்பது எப்படி

ஐஸ் ஹாக்கி பார்க்கிற நாலு பேர் சேர்ந்தால் கட்டாயம் வரும் சண்டை இது. எவ்கெனி மால்கின் பெரிய ஆட்டக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணியோடு 2009, 2016, 2017 என்று மூன்று முறை ஸ்டான்லி கோப்பை, அதாவது லீக் சாம்பியன் கோப்பை, ஜெயித்தவர். ஆனால் "ஏதாவது ஒரு காலத்தில் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) முழுக்க இவரைவிட ஆள் இல்லை என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் உடனே மால்கினின் சொந்த அணிக் கேப்டன் சிட்னி கிராஸ்பி பெயரை எடுப்பார்கள், மீதிப் பேர் வாஷிங்டன் அணியின் அலெக்ஸ் ஓவெச்கின் பெயரை எடுப்பார்கள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஆதாரத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

எடுத்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதை மால்கினை வைத்தே செய்து காட்டுகிறேன். எந்த ஆட்டக்காரருக்கும் இதே வழி செல்லும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆம், இருந்தார். 2011-12 சீசனில், இழுத்துப் பிடித்து வாதாடத் தேவையே இல்லாத அளவுக்குத் தெளிவாக. 2009-இலும் இருந்தார் என்று வாதாடலாம், ஆனால் அது கடினமான வழக்கு.

முதல் வேலை, காலத்தைக் குறுக்குவது. முழு ஆட்ட வாழ்க்கையில் யார் பெரியவர் என்பது ஒரு கேள்வி, ஒரு சீசனில் யார் முதலிடம் என்பது வேறு கேள்வி, இரண்டையும் கலக்கவே கூடாது. 2017 ஜனவரியில் என்.எச்.எல். தன் நூறாண்டுக்காக நூறு சிறந்த ஆட்டக்காரர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஆறு பேருக்கு இடம் கிடைத்தது: கிராஸ்பி, ஓவெச்கின், யாகர், பேட்ரிக் கேன், ஜோனதன் டேவ்ஸ், டங்கன் கீத். மால்கின் பெயர் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை, டேவ்ஸ் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் ஹார்ட் கோப்பையோ ஆர்ட் ராஸ் கோப்பையோ (இரண்டும் ஒரு சீசனின் பெரிய தனிநபர் விருதுகள், விவரம் கீழே) அவர் ஒருமுறைகூட வாங்கியதில்லை. சரி, அதை விடுங்கள். அந்தப் பட்டியல் நம் கேள்விக்கு எந்த வகையிலும் உதவாது, ஏனென்றால் அது வாழ்க்கையை எடை போடுகிறது, கோப்பைகளை எண்ணுகிறது, தலைமைக் குணத்துக்கு மார்க் போடுகிறது. நமக்கு வேண்டியது அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிற ஒரு சீசன். அதில் யார் முன்னால் நின்றார், அவ்வளவுதான்.

காலம் முடிவானதும் புள்ளிக் கணக்கைத் திறங்கள். கோலும் அசிஸ்ட்டும் (கோலுக்கு வழிசெய்த பாஸ்) சேர்ந்தது புள்ளி. வழக்கமான சீசனில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு ஆர்ட் ராஸ் கோப்பை. என்.எச்.எல். தளத்திலேயே எல்லா சீசனும் இருக்கிறது, ஹாக்கி ரெஃபரன்ஸ் தளத்தில் விருது ஓட்டு விவரத்தையும் சேர்த்தே பார்க்கலாம். மால்கின் பக்கத்தில் கண்ணில் படுகிற சீசன்கள் மூன்று. 2007-08-இல் 106 புள்ளி, லீக்கில் இரண்டாமிடம். 2008-09-இல் 113 புள்ளி, முதலிடம். 2011-12-இல் 109 புள்ளி, மறுபடி முதலிடம்.

முதலிடம் என்று பார்த்தவுடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 2014-15-இல் ஆர்ட் ராஸ் வாங்கியவர் டல்லஸ் ஸ்டார்ஸ் அணியின் ஜேமி பென், 87 புள்ளி. சீசனின் கடைசி நாளில் மூன்று கோல் போட்டு, ஆட்டம் முடிய சில நொடிகள் இருக்கும்போது ஒரு அசிஸ்ட்டும் எடுத்து, 86-இல் நின்ற ஜான் டவாரஸைத் தாண்டினார். அந்த ராத்திரியை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், பென் நல்ல ஆட்டக்காரரும்கூட. ஆனால் அந்த வருடம் லீக்கிலேயே சிறந்தவர் பென் என்று அவருடைய ரசிகர்களே சொல்வார்களா என்பது சந்தேகம்தான்; ஹார்ட் கோப்பை, ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தரும் லிண்ட்சே விருது இரண்டுமே மாண்ட்ரியாலின் கோலி (கோல் காப்பவர்) கேரி பிரைஸுக்குப் போயின.

அதனால் முதலிடத்தோடு நிற்காமல் இடைவெளியைப் பாருங்கள். இரண்டாமவருக்கும் இவருக்கும் எவ்வளவு தூரம், எத்தனை ஆட்டத்தில் எடுத்த புள்ளி? 2011-12-இல் மால்கினுக்கு 75 ஆட்டத்தில் 50 கோல், 59 அசிஸ்ட். அடுத்து வந்த ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் 82 ஆட்டமும் ஆடி 97 புள்ளி, மூன்றாவது கிளாட் ஜிரூ 93. ஏழு ஆட்டம் குறைவாக ஆடியும் 12 புள்ளி முன்னால். அந்த சீசனில் நூறு புள்ளியைத் தொட்டவர் லீக் முழுக்க இவர் ஒருவர்தான். ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் மால்கினுக்கு 1.45, ஸ்டாம்கோஸுக்கு 1.18, ஜிரூவுக்கு 1.21. இந்த மாதிரி இடைவெளி இருந்தால் அந்த வழக்கு பாதி ஜெயித்த மாதிரி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வேறு வேறு காலத்துப் புள்ளிகளை நேருக்கு நேர் வைக்காதீர்கள். 1981-82-இல் வெய்ன் கிரெட்ஸ்கி 92 கோல், 212 புள்ளி எடுத்தார். அப்போது ஒரு ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சராசரியாக எட்டு கோல் விழும். 2011-12-இல் அது ஐந்தரைக்குள் வந்துவிட்டது. கோலிகளின் கவசம் பெரிதாகிவிட்டது, அவர்கள் முட்டி போட்டு வலையின் அடிப்பகுதியை மூடக் கற்றுக்கொண்டார்கள், டிஃபென்ஸ்காரர்கள் பக்குக்குக் (ஹாக்கியில் அடிக்கிற ரப்பர் வட்டு) குறுக்கே உடம்பைப் போடுகிறார்கள். 212-ஐப் பார்த்துவிட்டு 109-ஐச் சின்னதாக நினைத்தால் தப்பு. ஒருவரை அவர் காலத்து ஆட்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அப்புறம் ஓட்டு. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஹார்ட் கோப்பைக்கு ஓட்டுப் போடுவது ஹாக்கி எழுத்தாளர்கள் சங்கம், அதில் கேட்கப்படுவது "தன் அணிக்கு அதிகம் தேவைப்பட்டவர் யார்" என்பது. டெட் லிண்ட்சே விருதுக்கு (2010 வரை அதன் பெயர் லெஸ்டர் பியர்சன் விருது) ஓட்டுப் போடுவது ஆட்டக்காரர்களே, கேள்வி "மிகச் சிறந்தவர் யார்". நம் கேள்விக்கு நெருங்கியது இரண்டாவது. 2001-02-இல் ஜரோம் இகின்லாவும் கோலி ஹோசே தியோடரும் ஹார்ட் ஓட்டில் புள்ளி சமமாக வந்து, முதலிட ஓட்டு அதிகம் என்பதால் கோப்பை தியோடருக்குப் போனது. ஆட்டக்காரர்கள் இகின்லாவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கோல், அசிஸ்ட் புள்ளியிலும் இகின்லாதான் முதலிடம். அந்த வருடம் யார் சிறந்தவர் என்று கேட்டால் நான் தயங்காமல் இகின்லா என்பேன்.

ஆட்டக்காரர்கள் ஓட்டும் தவறலாம், ரொம்ப மோசமாகவே தவறலாம். 1988-89-ஐ எடுங்கள். மாரியோ லெமியூ 85 கோலோடு 199 புள்ளி, கிரெட்ஸ்கி 168, ஸ்டீவ் ஐசர்மேன் 155. ஹார்ட் கோப்பை கிரெட்ஸ்கிக்கு, ஆட்டக்காரர்கள் தந்த பியர்சன் ஐசர்மேனுக்கு. 199 புள்ளி எடுத்தவருக்கு இரண்டுமே இல்லை! ஐசர்மேன் விரும்பிகள் இந்த விருதைக் காட்டி "அந்த வருடம் அவர்தான் நம்பர் ஒன்" என்று சொல்வதுண்டு. 44 புள்ளி பின்னால் இருந்தவரை எப்படி முதலில் வைப்பது? விருது ஒரு சாட்சி. மற்ற சாட்சிகளோடு அது ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

மால்கினின் 2011-12-இல் எல்லா சாட்சியும் ஒரே திசையில் நிற்கின்றன. ஆர்ட் ராஸ் அவருக்கு, லிண்ட்சே அவருக்கு, ஹார்ட்டும் அவருக்கு, அதுவும் முதலிட ஓட்டுகளில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு. அறுபது கோல் போட்ட ஸ்டாம்கோஸுக்கும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் கோலி ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட்டுக்கும் அடுத்த இடங்கள்தான் கிடைத்தன. எழுத்தாளர், ஆட்டக்காரர், புள்ளிப் பட்டியல் மூன்றும் ஒரே பெயரைச் சொல்கிற சீசன் தினமும் வருவதில்லை.

அடுத்து, பக்கத்தில் யார் ஆடினார்கள் என்று பாருங்கள். நல்ல விங்கர்கள் (நடுவில் ஆடுகிற சென்டருக்கு இரு பக்கமும் ஆடுபவர்கள்) கிடைத்தால் யாருக்கும் அசிஸ்ட் கூடும், அது உண்மை. நட்சத்திரம் கூட இருப்பவரைத் தூக்கினாரா, கூட இருப்பவர் நட்சத்திரத்தைத் தூக்கினாரா என்பதை எப்படிப் பிரிப்பது? கூட ஆடியவரின் முந்தைய சீசன்களைத் திறந்து பாருங்கள், இதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. அந்த வருடம் மால்கினின் இரு பக்கமும் ஆடியவர்கள் கிறிஸ் குனிட்ஸ், ஜேம்ஸ் நீல். நீல் அதுவரை ஒரு சீசனில் போட்ட அதிகபட்ச கோல் 27. மால்கினோடு ஆடிய அந்த ஒரு சீசனில் 40. டல்லஸில் இருந்து வந்த அதே நீல்தான், அதே ஷாட்தான், ஆனால் இப்போது பக் அவருக்குச் சரியான இடத்தில், சரியான நேரத்தில், எதிரணி டிஃபென்ஸ் மால்கினைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது வந்து சேர்ந்தது.

எண்களை மூடிவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள் என்றும் சொல்வேன். யூடியூபில் கிடைக்கிறது, 2009 மே 21, கரோலினா ஹரிகேன்ஸுக்கு எதிரான கிழக்குப் பிரிவு (ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம், பிட்ஸ்பர்க் 7-4. அதில் மால்கின் ஹாட்ரிக், மூன்றாவது கோலை மட்டும் பாருங்கள். எதிரணிப் பக்கம் ஃபேஸ்ஆஃப், அதாவது நடுவர் பக்கைக் கீழே போட இரண்டு பேர் அதற்காக மோதுவது. வழக்கமாக சென்டர் பக்கைப் பின்னால் தன் ஆளுக்குத் தட்டிவிடுவார்; மால்கின் தானே முன்னால் எடுத்துக்கொண்டு ஓடுகிறார். வலைக்குப் பின்னால் சுற்றி மறுபக்கம் வருகிறார், கோலிக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டியபடி ஒரு சுழல், பேக்ஹேண்டில் ஒரு தூக்கு, பக் மேல் மூலையில். கோலி கேம் வார்ட் அப்போது நல்ல ஃபார்மில் இருந்தவர், அவருக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள் கோல். ஆறடி மூன்று அங்குல ஆள் இதைச் செய்கிறார் என்பதுதான் விஷயம்: அந்த உயரம், அந்த எடை, அதற்கு மேல் அந்தக் கை. ஒரு தடவை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, பிளேடு எப்போது திரும்புகிறது என்று.

இப்போது கடினமான பகுதிக்கு வருவோம், கிராஸ்பி. மால்கினின் 2011-12-ஐ யாராவது குறைத்துப் பேசினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். தலையில் பட்ட அடியால் கிராஸ்பி 2011 ஜனவரியில் வெளியே போனார், அதற்கு முன் 41 ஆட்டத்தில் 66 புள்ளி எடுத்திருந்தார். நவம்பரில் திரும்பினார், எட்டு ஆட்டம் ஆடினார், மறுபடி வெளியே. மார்ச்சில்தான் மீண்டும் வந்தார். அந்த சீசனில் மொத்தம் 22 ஆட்டம், 37 புள்ளி. வகுத்துப் பாருங்கள், ஆட்டத்துக்கு 1.68. மால்கினின் 1.45-ஐவிட அதிகம். "கிராஸ்பி நலமாக இருந்திருந்தால் மால்கின் இரண்டாமிடம்தான்" என்கிறார்கள்.

இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளாதீர்கள், அதில் உண்மை இருக்கிறது. அந்தச் சில வருடங்களில் ஆட்டத் திறமையில் உலகிலேயே முதல் ஆள் கிராஸ்பி என்று சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் சீசனின் சிறந்தவர் யார் என்று கேட்கும்போது பரீட்சை எழுத வராதவருக்கு முதல் ரேங்க் தர முடியாது. 22 ஆட்டத்து வேகத்தை 82 ஆட்டத்துக்கு இழுத்துப் பெருக்குவது கணக்கில் சுலபம். ஐஸில் அது வேறு கதை, ஜனவரியில் உடம்பு சலித்துப்போகும், எதிரணிகள் வழி கண்டுபிடிக்கும், கோல் விழாத இரண்டு வாரம் வரும். மால்கின் அந்த எல்லாவற்றையும் தாண்டித்தான் 109 எடுத்தார். இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும்: அதற்கு முந்தைய பிப்ரவரியில் அவருக்கு வலது முழங்காலின் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை ஆகி, சீசன் பாதியில் முடிந்திருந்தது. 43 ஆட்டத்தில் 37 புள்ளியோடு படுத்தவர், எழுந்து வந்து அடுத்த சீசனில் லீக்கை ஜெயித்தார். கேப்டன் கிராஸ்பி பெரும்பாலும் இல்லாத அணி அந்த வருடம் அணிகளின் தரவரிசைப் பட்டியலில் 108 புள்ளியோடு முடித்தது. இல்லாதவரின் கணக்கை வைத்து இருந்தவரின் உழைப்பைக் கழிப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை.

ஒரு பொதுவான விதியாகச் சொன்னால்: போட்டியாளர் பாதி சீசனுக்கு மேல் ஆடியிருந்தால் அவருடைய ஆட்டத்துக்கான சராசரியை எடுத்து மோதவிடுங்கள், அதற்குக் குறைவாக ஆடியிருந்தால் திறமை பற்றிய பேச்சில் மட்டும் அவரை வையுங்கள்.

2009-க்கு வருவோம். மால்கின் 113, ஓவெச்கின் 110, கிராஸ்பி 103. ஓவெச்கின் மூன்று ஆட்டம் குறைவாக ஆடினார், ஆனால் 56 கோல்; மால்கினுக்கு 35. ஹார்ட், ஆட்டக்காரர் விருது இரண்டும் ஓவெச்கினுக்கே, மால்கின் ஹார்ட்டில் இரண்டாமிடம். வழக்கமான சீசனோடு நிறுத்தினால் ஓவெச்கின் என்றுதான் சொல்ல வேண்டும். 2007-08-இல் சந்தேகமே இல்லை, 65 கோல், 112 புள்ளி, நாலு பெரிய விருதும் ஓவெச்கினுக்கு.

பிளேஆஃபை (வழக்கமான சீசனுக்குப் பின் ஸ்டான்லி கோப்பைக்காக நடக்கிற சுற்றுகள்) எவ்வளவு சேர்ப்பது என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும், பிடித்த ஆள் ஜெயித்த வருடத்துக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஹார்ட்டுக்கும் லிண்ட்சேக்கும் ஓட்டு பிளேஆஃபுக்கு முன்பே முடிந்துவிடுகிறது, அதனால் விருதுகளில் பிளேஆஃப் தெரியாது. 2009 பிளேஆஃபில் மால்கின் 24 ஆட்டத்தில் 36 புள்ளி, 1993-இல் கிரெட்ஸ்கி எடுத்த 40-க்குப் பிறகு அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. டெட்ராய்ட்டை ஏழாவது ஆட்டத்தில் 2-1 என்று வென்று கோப்பை வந்தது, பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் மால்கினுக்கு, அதை வாங்கிய முதல் ரஷ்யர் அவர். ஆனால் ஓவெச்கினும் அந்த வசந்தத்தில் 14 ஆட்டத்தில் 21 புள்ளி. வகுத்தால் இருவருக்கும் அதே 1.5. மால்கினின் அணி நீண்ட தூரம் போனது, அவரும் அத்தனை வாரமும் வேகம் குறையாமல் ஆடினார். அக்டோபரிலிருந்து ஜூன் வரை ஒரே துண்டாக எடுத்தால் நான் மால்கினைச் சொல்வேன், நீங்கள் ஓவெச்கின் என்றால் சண்டைக்கு வர மாட்டேன்.

பிளேஆஃபைச் சேர்த்தால் 2012-க்கும் சேர்க்க வேண்டும், அது மால்கினுக்குச் சாதகமாக இல்லை. முதல் சுற்றிலேயே பிலடெல்பியாவிடம் ஆறு ஆட்டத்தில் தோல்வி. பிலடெல்பியாவின் ஜிரூ அந்தத் தொடரில் 14 புள்ளி எடுத்தார், ஆறாவது ஆட்டத்தில் முதல் தடவை ஐஸில் இறங்கியபோதே கிராஸ்பியை இடித்துத் தள்ளிவிட்டு 32-ஆவது நொடியில் கோலும் போட்டார். அவருடைய கோச் பீட்டர் லாவியோலெட் ஜிரூவை உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்றே அன்று சொன்னார். அந்த வாரத்துக்கு அது பொருந்தும். ஆறு ஆட்டம் 75 ஆட்டத்தைக் கவிழ்க்குமா என்றால், கவிழ்க்காது.

மால்கினின் குறைகளையும் தராசில் போடுங்கள். ஃபேஸ்ஆஃபில் அவர் ஒருபோதும் பெரிய ஆள் இல்லை, கோபத்தில் வாங்குகிற தேவையில்லாத பெனால்டிகள் அணிக்கு வலித்திருக்கின்றன. ஒருவர் கோலியாகவோ டிஃபென்ஸ்காரராகவோ இருந்தால் புள்ளிக் கணக்கு வழி பாதி அடைபடும். நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் ஏழு முறை சிறந்த டிஃபென்ஸ்காரர், ஹார்ட் ஒருமுறையும் இல்லை. டொமினிக் ஹாசெக் 1997, 1998 இரண்டு வருடமும் ஹார்ட்டும் பியர்சனும் சேர்த்து வாங்கினார், அப்படி எழுத்தாளரும் ஆட்டக்காரரும் ஒரு கோலியிடம் ஒன்றுசேர்ந்தால் நம்பலாம்.

முறை கைக்கு வந்ததா என்று பார்க்க லியோன் டிரைசைட்டலை எடுத்துப் பாருங்கள். மால்கினுக்கு கிராஸ்பி என்றால் எட்மண்டனில் இவருக்குக் கானர் மெக்டேவிட். 2019-20-இல் டிரைசைட்டல் 71 ஆட்டத்தில் 110 புள்ளி, ஆர்ட் ராஸ், ஹார்ட், லிண்ட்சே மூன்றும். மெக்டேவிட் 64 ஆட்டத்தில் 97. பாதி சீசனுக்கு மேல் ஆடியிருக்கிறார், எனவே சராசரியை மோதவிடலாம்: 1.55-க்கு 1.52. மால்கின் விஷயத்தில் கிராஸ்பி சராசரியில் முன்னால் இருந்தார், இங்கே நிழல் விழுத்தியவரே கொஞ்சம் பின்னால். அடுத்து அந்த வருடம் டிரைசைட்டலின் விங்கர்கள் யார், அவர்கள் அதற்கு முன் எங்கே எத்தனை கோல் போட்டார்கள் என்று பாருங்கள்.